அறுநூற்று எண்பது அடி

போர் வண்டி வந்து சேர ராத்திரி பதினொன்று.
லத்தேரி கேட்டில் கூட்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றதாம்.
இடம் எது என்றான் டிரைவர்.
என் வீட்டுக்காரர் மனாசே
புங்கமரத்துக்குக் கிழக்கே பதினாலு தப்படி நடந்து
அங்கே செருப்பைக் கழற்றி வைத்தார்.
"இங்கதான். காட்டினாரு."

யார் என்று டிரைவர் கேட்கவில்லை.
இடம் காட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு,
தேங்காயோடு, வேப்பங்குச்சியோடு.
இவர் மூன்று நாள் பட்டினியோடு.

நான்காம் விடியலில் என்னை எழுப்பி
பதினாலு என்று சொன்னபோது
சரி என்றேன்.
பத்தொன்பது வருஷமாய்
இவர் சொல்வதற்கும் ஆண்டவர் சொல்வதற்கும் நடுவில்
நான் கோடு கிழித்ததில்லை.
கெத்சியாளின் நர்சிங் படிப்புக்கு எடுத்து வைத்தது,
என் காதில் கிடந்தது,
எல்லாம் அந்த வண்டியின் சக்கரத்தடியில்.

நூறு அடியில் மண் முடிந்தது.
இருநூற்றில் கறுப்புப் பாறை.
முந்நூற்று நாற்பதில் ஈரம் காட்டியது,
ஒரு கையளவு, சேறாய்.
இவர் முழங்காலில் விழுந்தார்.
ஒடிசாக்காரப் பையன் ஒருத்தன் சிரித்தான்,
பிறகு அவனும் கும்பிட்டான்.
நானூற்றில் அந்தச் சேறும் காய்ந்து
மாவு மாதிரித் தூள்.

"இன்னும் போடு."
ஐந்நூறு.
"போடுப்பா."
அறுநூற்று எண்பதில் டிரைவரே மிஷினை நிறுத்தினான்.
"வேணாம்ண்ணே. கல்லு பேசல."
கடைசி எண்பது அடிக்கு அவன் காசு வாங்கவில்லை.
அன்று அது என் கண்ணில் படவில்லை.

விடிந்தபோது எல்லாம் வெள்ளை.
புங்கமரம், ஆட்டுக்குட்டி, கொடியில் கிடந்த பாவாடை,
இவர் மீசை.
நாற்பத்தாறு வயசு
ஒரே ராத்திரியில் எழுபதாகி நின்றது.

எனக்குக் கோபம்.
இவர்மேலா, அவர்மேலா, தெரியவில்லை.
அன்று பூரா இரண்டு பேரிடமும் பேசவில்லை.

பொழுது சாயக் குழியருகே போனேன்.
ஒரு சாண் அகலம்.
உள்ளே போட்ட கல் போய்க்கொண்டே இருந்தது.
பக்கத்துக் கொல்லை நசீமாவின் பிள்ளை
போன வாரந்தான் தவழ ஆரம்பித்திருக்கிறான்.
அடிவயிறு சில்லிட்டது.
வரப்போகும் தண்ணீர்த் தொட்டிக்கென்று வாங்கின சிமெண்ட் மூடியை
இழுத்துக்கொண்டு வந்து வாயில் கவிழ்த்தேன்.
மூச்சு வாங்க அதன் மேலேயே உட்கார்ந்தேன்.
அப்போதுதான் ஜெபம் வந்தது,
நான் கூப்பிடாமலே:
எந்தப் பிள்ளையும் விழாம பாத்துக்கோ.
பதினாலு தப்படியும் தப்பா நடந்தாரே,
இந்தப் பிள்ளையையும்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம்.
தண்ணீர் வந்த கதை சொல்ல
முந்தின வாரமே பேர் கொடுத்திருந்தார்.
ஆயர் பெயரை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகப் பார்த்தார்,
இரக்கமாய்.
இவர் எழுந்துவிட்டார்.
காது மடிப்பில் இன்னும் அந்தத் தூள்.

"தண்ணி வரல."
வெகு நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.
"அவரு குரல்னு நெனச்சேன்.
என் ஆசையா இருந்திருக்கும்.
பிரிச்சுப் பாக்க எனக்கு இன்னும் தெரியல."
இருமினார்.
"தண்ணி வரல. நான் வந்துட்டேன்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.
பின் வரிசையில் டெய்லர் சுகிர்தம் மட்டும்
மூக்கைச் சிந்தினாள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் டிராக்டர் தண்ணீர்.
கெத்சியாள் காட்பாடியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.
அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன் என்கிறாள்,
அவளுக்கு யார் காட்டினாரோ.
கடன் நோட்டில் வரவுப் பக்கம் காலியாய்க் கிடந்தது.
எண்பது அடி என்று எழுதினேன்.
அதன் கீழே, கும்பிட்ட பையன்.
பெயர் கேட்காமல் விட்டது என் தப்பு.

இவர் அந்த மூடியை மிதிப்பதில்லை,
சுற்றிக்கொண்டுதான் போகிறார்.
விடியற்காலையில் ஜெபம் மட்டும் நிற்கவில்லை.
இப்போதெல்லாம் இடம் எது என்று கேட்பதில்லை.
கூட வா, கூட வா என்கிறார்,
குழந்தையைக் கூப்பிடுகிறாரா
குழந்தையாய்க் கூப்பிடுகிறாரா என்று
சுவருக்கு இந்தப் பக்கம்
எனக்குச் சரியாகக் கேட்பதில்லை.