தெருப்பெயர் கட்டாயம்

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தைச்
சும்மா விடமுடியாது.
மூன்றாம் முறையும் பக்கம் துள்ளி மேலேறி
அதே இடத்தில் நிற்கிறது:
தெருப்பெயர்.

இரண்டாம் டிவிசன், ஆறாவது லயம், கடைசி வீடு.
எங்களுக்கு வரும் கடிதம்
கிராணி மேசைக்கு மேல் ஒரு ஆணி வரைதான் வரும்.
அதற்கப்புறம் தெரு எதற்கு?

லாபிஸ் பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஆ கியோங் நகல் கடை.
ஒரு மணி நேரம் மூன்று வெள்ளி,
ஒரு தாள் இருபது காசு.
ஒன்பது மணிக்கு இரும்புக்கதவை இழுத்துவிடுவார்.
மணி எட்டு ஐந்து.

பெயரிலேயே முதல் தகராறு.
எண்கணிதக்காரர் சொன்னாரென்று
யுகாஷினிக்கு அப்பா கூட்டிவைத்த இரண்டாவது எச்
பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது,
அடையாள அட்டையில் இருக்கிறது,
பள்ளிச் சான்றிதழில் இல்லை.
அதிர்ஷ்டம் தேவைப்படுகிற தாளில் மட்டும்
உதிர்ந்துவிட்டது.

தந்தையின் தொழில்.
பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு
அதில் இடமில்லை.
'தனியார் துறை' என்று அழுத்தினேன்.
பின்னால் நின்ற அப்பா கேட்டார்,
என்னா போட்ட?
சொன்னேன்.
ஆமா, தனியாத்தானே வெட்டுறேன்,
ரஃபிக் டாக்கா போனதிலேருந்து.
ஆ கியோங்கும் சிரித்தார்,
எது புரிந்தோ.

மாத வருமானம். ஒரே ஒரு எண் வேண்டுமாம்.
மழை பெய்த டிசம்பர் ஆயிரத்துச் சொச்சம்,
குலை பழுத்துத் தள்ளிய ஆகஸ்ட் அதைப்போல் இரண்டு மடங்கு,
அப்பா பாதத்தில் முள் ஏறிச் சீழ் வைத்த மாதம்
சம்பளச் சீட்டே மடிக்கப்படாமல் புதுசாக இருக்கிறது.
எந்த மாதத்தை எங்கள் வீடென்று எழுத?

விருப்பப் பாடம் பன்னிரண்டு கேட்கிறது.
பன்னெண்டு மாப்பிள்ளையா பாக்குறோம்?
காலையில் அம்மா கேட்டாள்.
அவளுக்கு நான் தாதியாகவேண்டும்,
வெள்ளைச் சட்டை, ஏசி, மாதா மாதம் காசு.
அதை இரண்டாவதாகப் போட்டேன்.
முதலாவது நில அளவை.
போன வருஷம் தோட்டம் கைமாறியபோது
முக்காலியோடு வந்த பெண்
எங்கள் வாழைக்கன்றுகளுக்கு நடுவே
முளைக்குச்சி அடித்தாள்,
அம்மா திட்டத் திட்டத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்,
என்னைக் கண்ணாடிக்குள் பார்க்கவிட்டாள்.
எதிர் லயத்துக் குளியலறைக் கதவின் துரு
கைக்கு எட்டும்போல் இருந்தது.
இதை அம்மாவிடம் சொல்லவில்லை.
அந்தக் குச்சியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

எட்டு நாற்பத்தாறு.
பக்கம் மறுபடி துள்ளியது.
தெருப்பெயர், தெருப்பெயர்.
லயத்துக்குள் திரும்பும் இடத்தில்
லோரி தோண்டிவைத்த ஒரு குழி,
எல்லாருடைய மோட்டாரும் அங்கே ஒருமுறை முனகும்.
தட்டினேன்:
ஜாலான் பள்ளம்.
மலாயில் அதற்கு அர்த்தம் கிடையாது,
அதனால் சந்தேகமும் கிடையாது.
பச்சைக் குறி விழுந்தது.

கடைசிக் கட்டம்:
மேலே கூறியவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்.
சுட்டி அதன்மேல் நின்றுகொண்டே இருந்தது.
இரண்டாவது எச்,
ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் நடுவில் நான் பிடித்த ஓர் எண்,
இல்லாத தெரு.
ஆ கியோங் பாதிக் கதவை இறக்கிவிட்டு,
அமோய், நாளைக்கா? என்றார்.
நாளைக்குக் கெடு இல்லை.
அழுத்தினேன்.

ஒப்புகைச் சீட்டு சூடாக வந்தது.
தூறல். சட்டைக்குள் செருகி
அப்பாவின் முதுகைப் பிடித்து உட்கார்ந்தேன்.
பால் தொழிற்சாலை இருந்த மேடு தாண்டியதும்
தெரு விஷயத்தைச் சொன்னேன்.
கொஞ்ச தூரம் அவர் பேசவில்லை. பிறகு,
பேரு வச்சாச்சுன்னா மூடிருவானுங்களே.
தபால்காரன் எப்படிக் கண்டுபுடிப்பான்?

வண்டி இறங்கியது, முனகியது,
ஏறியது.