தாழ்ப்பாள் போட்ட கை

படம் தொடங்கி நாற்பதாவது நிமிடம்
என் கை வந்தது.

மொத்தத் திரைக்கும் ஒரே கை.
ஒவ்வொரு விரலும் ஓர் ஆள் நீளம்.
பெருவிரல் நகம் பாதி கறுத்திருந்தது.
மேக்கப் இல்லை அது.
போன ஆடியில், கானாடுகாத்தான் வீட்டு
நிலைக்கதவில் நசுங்கியது.

நான் அந்த வீட்டின் சாவிக்காரன்.
பங்காளிகள் கோலாலம்பூரில் ஒருவர், கோவையில் இருவர்.
பாகம் பிரியாததால் வீடு வாடகைக்குப் போகிறது.
கல்யாணத்துக்கு ஒரு ரேட், பேய்ப் படத்துக்கு ஒரு ரேட்.
இது எதில் சேரும் என்று கேட்டேன்.
"வில்லன் எப்படி வில்லன் ஆனான்னு கதைண்ணே.
படம் பூரா இருட்டு" என்றார் மேனேஜர்.
அப்போ கரண்ட் பில் ஏறாது
என்று நினைத்துக்கொண்டேன்.

காரைக்குடியில், ரெண்டாம் ஆட்டம்.
பொன்னழகுவிடம் சொல்லவில்லை, கை வரும் என்று.
வந்ததும் காட்டலாம் என்றிருந்தேன்.

திரையில் ஓயாத மழை.
எங்கள் ஊரில் பெய்யாத மழை;
மூணு டேங்கர் லாரி, கையெழுத்துப் போட்டவன் நான்.
அந்த மழைக்குள் உட்கார்ந்து அவன்
கொல்லப்போகிறவனுக்கு ஆரஞ்சு உரித்தான்.
ஒவ்வொரு நாராக எடுத்தான்.
விதை நீக்கி ஊட்டினான்.
தியேட்டரில் பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது.
முன்வரிசைப் பையன் ஒருவன்
"கொன்னுத் தொலையேன்டா" என்று கெஞ்சினான்.

பிறகுதான் அவனுடைய சின்ன வயசு.

அப்பாவாக நடித்தவர் பெரிய நடிகர்.
ஆனால் எங்கள் ரெண்டாங்கட்டு அறையின் தாழ்ப்பாள்
யாருக்கும் நடிக்காது.
தூக்கி, இடப்பக்கம் நெட்டி, அப்புறம் இழுக்கணும்.
அவர் நாலு தடவை பார்த்துவிட்டுக் கேரவனுக்குப் போனார்.
டைரக்டர் என் கையைப் புரட்டிப் பார்த்தார்,
சந்தையில் மாட்டுப் பல்லைப் பார்ப்பதுபோல.
"இது போதும்."
ஒரு பொய்க் கெம்பு மோதிரம் மாட்டினார்கள்.
எண்ணூறு ரூபாய். ஒரு பிரியாணி.

உள்ளே யுகேஷ். எட்டு வயசு, சென்னைப் பையன்.
முதல் டேக்கில் சிரித்துவிட்டான்.
மூணாவதில் கதவைத் தாளம்போட்டுத் தட்டினான்,
லைட்டு ஆட்கள் ஆடினார்கள்.
ஏழாவதில் தட்டுவது நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு குரல்,
வசனத் தாளில் இல்லாத குரல்:
"அங்கிள், உள்ள ஏதோ இருக்கு.
அங்கிள், திறங்க."

வவ்வால்தான். எனக்குத் தெரியும்.
என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது.
தூக்கி, நெட்டி, இழுத்தால் போதும்.
நான் "கட்" வருமா என்று
டைரக்டரைப் பார்த்தேன்.
அவர் மானிட்டரைப் பார்த்தார்.
மானிட்டரில் என் கை
ரொம்ப நன்றாக இருந்ததாம்.

அந்த டேக்தான் படத்தில்.
"அங்கிள்" என்ற இடத்தில் "அப்பா" என்று
வேறு யாரோ பேசியிருந்தார்கள்.

பின்னால் ஒருத்தர் சத்தமாகச் சொன்னார்:
"அந்தக் கைய வெட்டணும்டா மொதல்ல."
சுற்றிலும் ஆமாம் என்பதுபோல உச்சுக்கொட்டினார்கள்.
பொன்னழகு திரையைப் பார்த்தாள்,
பிறகு என் மடியைப் பார்த்தாள்.
சமோசாவைப் பிடித்தபடி
அந்த நகம்.

அதற்குப் பின் அவன் யார் யாரையோ எரித்தான்.
விசில். கைதட்டல்.
எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது,
காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி.
எனக்குத்தான் அது பத்தவில்லை;
அல்லது, ரொம்ப அதிகமாகப் பட்டது.

எண்ட் டைட்டிலில் பெயர் தேடினேன்.
உணவு, ஜெனரேட்டர், குதிரை கொடுத்தவர்...
கைக்குப் பெயர் இல்லை.
முதல் தடவையாக, நல்லது என்று தோன்றியது.

எக்ஸெல்லில் திரும்பினோம்.
கோட்டையூர் தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு அவள் கேட்டாள்:
"அந்தப் புள்ள நெசமாவா அழுதுச்சு?"
"நடிப்புடி" என்றேன்.

பள்ளத்தூர் வேகத்தடையில் வண்டி குதித்தது.
எப்போதும் என் தோளைப் பிடிக்கிறவள்
பின்பக்கக் கேரியர் கம்பியைப் பிடித்திருந்தாள்.