இருக்கைக்கு அடியில்

கொமாக்கியோவில் நவம்பர் வந்தால்
வானம் இறங்கி ஏரிமேல் உட்கார்ந்துவிடும்.
இரவு மூன்று மணிக்கு
ரொட்டிக்கடைக்குப் புறப்படுகிறவள் நான்.
முந்தாநாள் ஒரு மக்காச்சோள லாரி
என் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.
ஓட்டுநன் இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டினான்:
"அம்மா, நீ காரா, பேயா?"

எண்பத்தேழாம் வருடத்து ஃபியட்.
பின்னால் பனிவிளக்கு எரிகிறது என்று
டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் புள்ளி
சத்தியம் செய்கிறது.
இறங்கிப் போய்ப் பார்த்தால்
பனிவிளக்கும் இல்லை, வால்விளக்கும் இல்லை.
முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பேசுகிற வண்டி.

ஞாயிறு. கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு
பல்பை மாற்றினேன். ம்ஹூம்.
ஃபியூஸ் முழுசாக இருந்தது, குற்றமற்ற முகத்தோடு.
மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியில் கவ்வவிட்டு
சிவப்பு முனையால்
ஒவ்வொரு மூட்டாகக் குத்திக்கொண்டே போனேன்.
ஸ்டியரிங்குக்குக் கீழே பன்னிரண்டு.
கதவோரம் பன்னிரண்டு.
டிக்கியில் பூஜ்யம்.
நடுவழியில் யாரோ வாங்கிக்கொள்கிறார்கள்.

தரைவிரிப்பை உரித்தேன்.
ஈர நாற்றம், செல்லாத லிரா நாணயம் இரண்டு,
துருப்பிடித்த ஈட்டிமுள் ஒன்று.
பிறகு, கிணறு வெட்டக் கிளம்பிய பூதம்:
கம்பெனி ஒயரை வெட்டி
இரண்டு முனையிலும் மஞ்சள் ஒயர் முறுக்கி
டேப் சுற்றி
ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்
இடது கை தானாகத் தொங்கும் இடத்தில்
ஒரு சின்ன சுவிட்ச்.
அந்த நேர்த்திதான் உறுத்தியது.
அவசரத்துக்குச் செய்தவன்
டேப்பை இப்படிச் சுற்றமாட்டான்.

சைராவுக்கு ஃபோன் செய்தேன்.
அவள் அண்ணன் எர்மெஸ் ஓட்டிய கார்.
"விற்கும்போது சொல்லவில்லையே?"
"நீ கேட்கவில்லையே."
மூக்கை உறிஞ்சும் சத்தம்.
"விலாங்கு. திருட்டு விலாங்கு.
ஏரிக் காவலர்கள் துரத்துவார்கள்,
அவன் சுவிட்சைத் தட்டுவான்,
அவர்கள் பனியைத் துரத்திக்கொண்டு போவார்கள்."
கொஞ்ச நேரம் கழித்து:
"எனக்கு விலாங்கு பிடிக்காது.
இருந்தாலும் தின்றேன்."

பாம்புக்குத் தலையும்
மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு.
எர்மெஸின் கார்
யாருக்கும் வால் காட்டியதில்லை.

சுவிட்சைத் தட்டினேன். வால்விளக்கு வந்தது.
பனிவிளக்கும் வந்தது,
ஆறப்போகும் கரித்துண்டு மாதிரி.
பிரேக்கை மிதித்தால் இன்னும் சுருங்கியது.
பல்பைக் கழற்றினால் மீட்டர் பன்னிரண்டு என்கிறது,
மாட்டினால் நான்கு.
வேலை கொடுக்காதவரை
எல்லாருமே பன்னிரண்டுதான்.

இதில் எர்மெஸுக்குப் பங்கில்லை. இது ஏரிக்காற்று.
எர்த் ஒயர் வண்டியின் உடம்பைத் தொடும் போல்ட்டில்
அப்பளம் அப்பளமாகத் துரு.
வருகிற மின்சாரத்துக்குக் குறையில்லை,
திரும்பிப் போகத்தான் வழியில்லை.
உப்பு செய்த வேலையை
உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன்,
தகரம் வெள்ளையாகச் சிரிக்கும்வரை.
கிரீஸ். புது வாஷர். இறுக்கம்.
விரல் முட்டியில் கொஞ்சம் ரத்தம்.

இருட்டியதும் கரைக்கு ஓட்டிப்போய்
விளக்கைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்தேன்.
எழுபது அடியில் சிவப்பு.
தொண்ணூறில் சிவப்பு என்று நினைத்தேன்.
நூற்றிப் பத்தில் காரும் இல்லை, ஊரும் இல்லை.
ஒரு அடி முன்னால் வைத்தேன். வந்தது.
அந்த ஒரு அடியை நாலைந்து முறை
முன்னும் பின்னுமாக வைத்துப் பார்த்தேன்,
யாரும் பார்க்கவில்லை.

மஞ்சள் ஒயரை எடுத்துவிட்டு
பழைய முனைகளைப் பற்றவைத்துவிட்டேன்.
சுவிட்சைக் கழற்றவில்லை.
திருகு வழுக்கிவிட்டது, உண்மையாகவே.

செவ்வாய் இரவு அதே லாரி.
தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தான்.
என் இடது கை இருக்கைக்கு அடியில் போய்
ஒரு தடவை தட்டிப் பார்த்தது.
கண்ணாடியில்
பனி சிவப்பாகவே இருந்தது.