வலது பெருவிரல்

அரண்மனையில் கல்யாணம்.
மனாமா முழுக்க விளக்கு.
எங்களுக்கு மூவாயிரம் வெள்ளி, நானூறு தங்கம்.

ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும்.
பேசவும் கூடாது.
விளிம்பை மட்டும் பிடித்து
பிளாஸ்டிக் கூட்டில் இறக்கி
நீல வெல்வெட்டில் உட்காரவைத்து
எண் போட்ட சான்றிதழைச் செருக வேண்டும்.
வெள்ளை நூல் கையுறை, நாளைக்கு நான்கு ஜோடி.

ஐந்து தினார் என்று நாணயத்திலேயே இருக்கிறது.
விற்பது அறுபத்தைந்துக்கு.
"ஐந்துக்கு எவனாவது கொடுப்பானா?" என்றான் லக்பா.
எவனாவது வாங்குவானா, அதைக் கேள்.
டீக்கடை ஹம்சாவிடம் நீட்டினால்
சில்லறை இல்லை என்பான்.
செலவழிக்கவே முடியாத பணம்;
என் சம்பளத்துக்கு நேர் எதிர்.

ஒரு பக்கம் இரண்டு பெயர்கள், அரபியில் பின்னி.
எது மாப்பிள்ளை எது பெண்
எனக்குப் பிரிக்கத் தெரியாது.
மறுபக்கம் பாய்மரக் கப்பல்.
கயிற்றின் முறுக்கைக்கூடச் செதுக்கியிருக்கிறான்.
கப்பலுக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை.
கடல் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் கண்ணாடிப் பளபளப்பு.
அதில் என் மூக்கு தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரம்,
ஆயிரத்து நூற்றுப் பதினெட்டாவது
மேசையிலிருந்து உருண்டது.
கையுறை கழற்றிய கை.
பிடித்துவிட்டேன்.
விழாமல் பிடித்ததற்கு
அரை நொடி சந்தோஷப்பட்டேன்.

உசாமா சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.
பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார்,
நீயே பார் என்று.

போன ஜனவரியில் அடையாள அட்டைக்குப் போனபோது
இந்த விரலை மெஷின் ஏற்கவில்லை.
ஆறு வருஷம் டைல்ஸ் ஒட்டி
சிமெண்டும் ஆசிடும் தின்ற விரல்.
அழுத்து என்றாள் அந்தப் பெண்.
துடைத்து அழுத்து.
ஐந்தாம் முறை அவளே பிடித்து அழுத்தினாள்.
ரேகை இல்லை என்று
எதையோ தட்டி அனுப்பிவைத்தாள்.

வெள்ளி ஒரே தொடலில் வாங்கிக்கொண்டது.
நடுவில் சுழி,
சுழியைச் சுற்றி வளையம் வளையமாக,
ஓரத்தில் டைல்ஸ் கட்டர் கிழித்த தழும்பு,
எல்லாம் சரியாகக் கப்பலுக்கு அடியில்.
அலை.

துடைத்துப் பார்க்கலாமா சார்?
துடைத்தால் கீறல் விழும் என்றார்.
உருக்கப் போகும் சிவப்பு டப்பாவில் போட்டார்,
டிங் என்றது.

ரிஜிஸ்டரில் அவர் எழுதியது:
மரியசூசை. விரல் ரேகை. ஒன்று.

கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.
போட்டேன்,
கையுறையோடு.