பிடியரிசி

ஐசாலில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று நிற்கும்.
எங்கள் கூரை மட்டத்தில் மேல்வீட்டுக்காரரின் செருப்பு.
வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் லாரி;
தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு எழுபத்திரண்டு படி.
இறக்கம்தான், ஆனாலும் குடத்தோடு இறங்கிப் பார்த்தால் தெரியும்.
அதில் என் நடை எத்தனை, அவள் நடை எத்தனை
என்பது எனக்கு மனப்பாடம்.

பதினோரு வருடம் அப்படியொரு பேரேடு வைத்திருந்தேன்,
தாளில் அல்ல, பல்லுக்கடியில்.
சம்ஃபாய்க்குச் சுமோ ஓட்டிப் போகையில்
மண் சரிந்த வளைவுகளில் மணிக்கணக்காய்க் காத்துக்கிடப்போம்.
பயணிகள் தூங்குவார்கள்.
நான் வரவு செலவை நேர்பார்ப்பேன்.
எப்போதும் அவள்தான் பாக்கிக்காரி.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கடை சாத்திவிடும்.
சர்ச்சில் முரசு அதிரும்.
கோட்டு மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் பாஸ் பாடுவேன்.
நல்ல கட்டைக்குரல் என்று பெயர்.
கடவுளிடம் ‘எங்களுக்கு’ என்று கேட்டுவிட்டு
வீட்டுக்கு வந்து ‘எனக்கு’ என்று பேசுவேன்.
இரண்டுக்கும் நடுவில் அதே எழுபத்திரண்டு படி.

ஜூன் மழையில்
நாற்பதாவது படியில் ருவால்கூமி வழுக்கினாள்.
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம்.
எனக்கு முதலில் என்ன தோன்றியது என்றால்,
சொல்லிவிடுகிறேன்:
ஆறு வாரமா? அப்போது என் சோறு?

அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு டின்.
பெரியது எங்களுடையது,
பால்பவுடர் டின் சர்ச்சுடையது.
உலையில் போடுமுன் ஒரு பிடி அதில் விழவேண்டும்.
இந்த மலைகளில் எந்தச் சமையலறையிலும் நடப்பதுதான்.
சனிக்கிழமை கீழ்வீட்டு ஙூரி சாக்கோடு வந்து
வாங்கிப்போவாள்.
பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன்.
என் கைதான் போட்டதில்லை.

அவள் சொன்ன அளவுக்கு இரண்டு டம்ளர் அளந்தேன்.
டின்னுக்காக ஒரு பிடி அள்ளினேன்.
கை தன்னால் சிறுத்தது.
விரல்களைக் கொஞ்சம் அதட்டவேண்டியிருந்தது.

வெந்ததைப் பரிமாறினேன்.
என் தட்டு வழக்கம்போல் குவிந்தது.
அவள் தட்டில் ஒரு பள்ளம்.
சட்டியைச் சுரண்டினேன், கரண்டி வெறும் சத்தம் போட்டது.

“அரை டம்ளர் கூடப் போட்டால் என்ன?”
“மாதக் கடைசிக்கு வராது.
வந்தாலும், அப்புறம் அது மிச்சத்தில் கொடுத்ததாகிவிடும்”
என்றாள் ருவால்கூமி,
இடதுகையால் ஸ்பூனோடு மல்லுக்கட்டிக்கொண்டே.
குற்றம் சொல்லவில்லை. சோறு குழைந்ததைத்தான் சொன்னாள்.

வேளைக்கு ஒரு பிடி.
நாளைக்கு இரண்டு வேளை.
பதினோரு வருடம்.
கணக்கில் கெட்டிக்காரன் நான்,
பெருக்கத் தொடங்கிப் பாதியில் விட்டேன்.
என் பேரேட்டின் எந்தப் பக்கத்திலும்
இந்த வரவு இல்லை.

அன்றிரவு ஜெபத்தில் வானம் ஒன்றும் திறக்கவில்லை.
முழங்கால் வலித்தது. தகரக்கூரையில் மழை.
சிலுவையில் தொங்கியவர் யாரிடமும் பாக்கி கேட்கவில்லை
என்பது நான் சிறுவயது முதல் பாடிவந்த சேதிதான்.
தொண்டையைத் தாண்டி அது இறங்க
ஒரு பிடி அரிசி வேண்டியிருந்தது.
‘எங்களுக்கு’ என்று ஆரம்பித்தேன்,
அந்தச் சொல்லுக்குள் அவளும் இருக்கிறாளா
என்று தடவிப்பார்த்து, மேலே போகாமல் நின்றேன்.

மறுநாள் பள்ளத்தை என் தட்டுக்கு மாற்றினேன்.
பசித்தது.
பெருமையாகவும் இருந்தது: இன்று கொடுத்தவன் நான்!
அதுவும் பேரேடுதான், புது அட்டை போட்டது.
அதையும் எடுத்து அந்த டின்னில் போட
இன்னும் வழி தெரியவில்லை.
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கட்டுப் பிரித்தபோது அவள் கை
மழைக்கு உள்ளேயே கிடந்த துணிபோல் வெளுத்திருந்தது.
இப்போது ஒருநாள் அவள் சமையல், ஒருநாள் என் சமையல்.
பள்ளம் யாருக்கு என்பதில் சண்டை வருகிறது;
சில நாள் நிஜமாகவே சண்டை,
கதவு சாத்துகிற அளவுக்கு.

நேற்று லாரி வந்தது.
பழக்கதோஷம், நடைகளை எண்ணியபடி இறங்கினேன்.
முன்னால் போன ருவால்கூமி
நாற்பதாவது படியில் குடத்தோடு திரும்பி
“இங்கே பாசி, பார்த்து வா” என்றாள்.

எத்தனையாவது நடை என்று
மறந்துபோயிற்று.