எங்க சிக்குச்சு

பொழுதோட ஆறரைக்கு
பிச்சம்பாளையத்து லைன் வீட்டு மொட்டை மாடியில்,
தண்ணித் தொட்டிக்கும் துணிக் கொடிக்கும் நடுவே
ஏழு பேர்.
பிரித்து விரித்த எக்ஸ்போர்ட் அட்டைப் பெட்டிதான் பலகை.
எழுத, கட்டிங் மாஸ்டர் கொடுத்த மார்க்கிங் துண்டு.
அழிக்க, பனியன் வேஸ்ட்.
திருப்பூரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

முதல் மூன்று மாதம்
என் புரொபசர் மாதிரியே நடத்தினேன்.
கடகடவென்று போட்டு முடித்துத் திரும்பி
"புரிஞ்சுதா?" என்பேன்.
"புரிஞ்சுதுங்க்கா" என்று
ஏழு தலையும் ஒரே தையலில் ஆடும்.
காலாண்டில் கவினுக்குப் பதினொன்று.
பாண்டிமீனாவுக்கு ஒன்பது.
லிப்புன் விடைத்தாளை மடித்து விமானம் செய்திருந்தான்,
அது நன்றாகவே பறந்தது.

அன்றைக்கு அந்த வார்த்தையைத் தடை செய்தேன்.
புரிஞ்சுது என்று இந்த மாடியில்
யாரும் சொல்லக் கூடாது, நான் உட்பட.
ஓவர்லாக்கில் நூல் விட்டுப்போனால்
அம்மா மிஷினைத் திட்டமாட்டாள்.
துணியைத் தூக்கி, வந்த வழியே விரலை ஓட்டி,
எந்தத் தையலில் விட்டதென்று பார்ப்பாள்.
நானும் அதைத்தான் கேட்கிறேன்:
"எங்க சிக்குச்சு?"
விரல் வைத்துக் காட்டு, போதும்.
விடை அப்புறம் வரட்டும்.

லிப்புன் வாய்க்குள் ஒடியாவில் எண்ணி
வெளியே தமிழில் சொல்வான்.
நடுவில் நான் நுழைவதில்லை.

கழித்தல் எண் ஏழாம் வகுப்புக்கு ஆவி மாதிரி.
இருக்கிறது என்பார்கள், ஒருத்தரும் பார்த்ததில்லை.
"தீபாவளிக்கு உங்கப்பா எத்தனை அட்வான்ஸ் வாங்குனாரு?"
"மூவாயிரமுங்க்கா."
"சனிக்கிழமை சம்பளம்?"
"ரெண்டாயிரத்து ஐநூறு."
"பூராவும் புடிச்சுக்கிட்டா?"
சஞ்சித் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு எழுந்து வந்து
பூஜ்யத்துக்கு இடது பக்கம் ஐநூறு எழுதினான்.
கணக்கு சரி.
கேட்டிருக்க வேண்டாமோ என்று
எனக்குத்தான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு: தினம் ஒரு கணக்கை
வேண்டுமென்றே தப்பாகப் போடுவேன்.
பிடித்தால் ஒரு கடலை மிட்டாய்.
சஞ்சித்தின் அம்மா படியேறி வந்தாள்.
"ஏங்கண்ணு, தப்புத் தப்பாச் சொல்லிக் குடுக்கறயாமா?
அக்கட்டால வீதி டியூசன்ல
அடிச்சுப் படிக்க வெக்கறாங்கொ."
அட்வான்ஸ் கணக்கும் வீட்டுக்குப் போயிருக்கும்.
மறுநாள் ஆறு பேர்.

போன வியாழன், கரண்ட் போன நேரம்,
செல்போன் வெளிச்சத்தில் ஓர் அடைப்புக்குறியை உடைத்தேன்.
வெளியே ஒரு கழித்தல்.
உள்ளே எக்ஸ் கழித்தல் மூன்று.
வெளியே வந்த மூன்றும் கழித்தலாகவே நிற்க
அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.
"சிக்கிருச்சுங்க்கா!" பாண்டிமீனா.
கைதட்டல்.
"வேணும்னேதானுங்க்கா போட்டீங்கொ?"

ஆமாம் என்று சொல்ல
அத்தனை சுலபமாக இருந்தது.
ரியல் அனாலிசிஸில் இரண்டு முறை அரியர் வைத்தவள்,
அந்த வகுப்பில் ஒவ்வொரு நாளும்
தலையாட்டியவள்.

"இல்ல. இது நெசமாவே என் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை.
கரண்டும் வரவில்லை.
லிப்புன்தான், சொல்லைச் சொல்லாகப் பொறுக்கி,
"எங்க சிக்குச்சு, அக்கா?"
விரல் வைத்தேன், அடைப்புக்குறியின் முதுகில்.
"இங்க. குறி மாத்தோணும். அவசரத்துல மறந்துட்டேன்."

"நெசத் தப்புக்கு எத்தனை முட்டாயி?" என்றான் கவின்.
பஞ்சாயத்து கூடியது. இரண்டு என்று தீர்ப்பு.
டப்பாவில் ஒன்றுதான் இருந்தது.
அதை வாயில் அடக்கிக்கொண்டு பாண்டிமீனா
அட்டையின் கீழ் மூலையில் எழுதினாள்:
அக்கா −1.

வெள்ளிக்கிழமை பாக்கெட்டோடு ஏறினேன்.
பனியன் வேஸ்ட் அந்த மூலைக்கு மட்டும் போகவில்லை.
கடைசிப் படியில் சஞ்சித்.
தொட்டி நிறைந்ததா என்று பார்க்க வந்தவன்போல
நின்றுகொண்டிருந்தான்.
தொட்டியை ஒரு முறை பார்த்தான்.
மூலையை இரண்டு முறை.