இரண்டு விரற்கடை

டுலூத்தில் ஏப்ரலை நம்பி
வெளியே ஒரு ஆணிகூட அடிக்க முடியாது.
ஏரி இன்னும் பனிப்பாளங்களைக்
கரையில் தள்ளித் தள்ளி அடுக்கிக்கொண்டிருந்தது.
கராஜுக்குள்ளேயே கட்டினோம்,
காரை வெளியே நனையவிட்டு,
ராட்னியும் நானும்.

அதற்கு முன்பே வந்துவிட்டன குஞ்சுகள்.
காலை ஐந்தரைக்குத் தபால் நிலையத்திலிருந்து போன்:
"மிஸஸ் லாஹ்டி, உங்கள் பெட்டி கத்துகிறது."
மூடியில் காசளவு துளைகள்,
துளைக்கொரு அலகு.
அஞ்சல்தலை வாங்க வந்தவர்
வந்ததை மறந்து குனிந்து நின்றார்.

குளியல் தொட்டியில் வைக்கோல்,
மேலே சிவப்பு விளக்கு.
ஆறு வாரமும் நாங்கள் குளித்தது
அவன் தங்கை வீட்டில்.

ராட்னி அளப்பவன். நான் அறுப்பவள்.
இருபத்தேழு வருஷத்துச் சண்டை மொத்தமும்
இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கும்.
பழைய சவுனா அறையைப் பிரித்த
தேவதாருப் பலகைகள்;
ரம்பம் ஓடும்போதெல்லாம்
யார் யாருடைய வியர்வையோ மணத்தது.
பரண்கம்பு எந்த உயரத்தில் என்பதற்கு
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.
மதியச் சாப்பாட்டைத் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

கடைசி வேலை கம்பிவலை.
கீரிக்குத் தூரத்துச் சொந்தம், வீசல் என்று ஒன்று.
மோதிரம் நுழைகிற சந்து போதுமாம் அதற்கு.
"யார் மோதிரம்?" என்றேன்.
சோப்பு போட்டுத் திருகி
மகன் பிறந்ததிலிருந்து கழற்றாததைக் கழற்றினேன்.
விரலில் வெளுப்பாய் ஒரு வளையம் மட்டும் தங்கியது.
மூலை மூலையாக வைத்துப் பார்த்தோம்.
நான்கு இடத்தில் நுழைந்தது.
ராட்னி வலையை இரட்டையாக மடித்து அடித்தான்,
ஒன்றும் பேசாமல்.

மறுநாள், மே மாத வெயில்.
கதவுக்கு மஞ்சள் பூசியாயிற்று.
அடியில் உருளைக்கட்டைகள் கொடுத்துத் தள்ளினால்
கராஜ் வாசல் விடவில்லை.
இரண்டு விரற்கடை.

டேப்பை நீட்டினான். சுருட்டினான். மறுபடி நீட்டினான்,
இடையில் வாசல் மனம் மாறியிருக்கும் என்பதுபோல.
கூட்டை அங்குலம் அங்குலமாய் அளந்தவன்
வாசலை அளக்கவில்லை.
சிரிக்கக் கூடாதென்று பென்சிலைக் கடித்தேன்.
பென்சில் உடைந்தது.
எதிர்வீட்டுப் பாஹுவா வேலிக்கு அப்பால் நின்று சொன்னாள்:
"கோழிகளுக்கு கராஜ். காருக்கு வீடு.
உங்கள் இருவருக்கும் என்னிடம் ஒரு கூடாரம் இருக்கிறது."

இடப்பக்க இறவாரத்தை நான்தான் அறுத்தேன்.
அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்,
ஊசி போடும்போது திருப்புவானே, அப்படி.
நெரிசலில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள்போலத்
தோள் ஒடுக்கி வெளியே வந்தது கூடு.

சாயங்காலம் ஆறும் உள்ளே போகவில்லை.
சுற்றி வந்தன. வாசற்படியைக் கொத்தின.
பிறகு புல்வெட்டும் இயந்திரத்தின் கைப்பிடியில்
வரிசையாக ஏறித் தூங்கிப்போயின.

இருட்டில் ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொண்டு போனோம்.
தூங்குகிற கோழிக்குக் கனம் குறைவு,
சூடுதான் கூட.
ஐந்தாவதைக் கையில் வாங்கியதும் ராட்னி நின்றுவிட்டான்.
"கார்லா, இது சேவல்."
எங்கள் தெருவில் சேவலுக்கு அனுமதியில்லை.
"எப்படித் தெரியும்?"
"கால் தடிமன்."
கையால் அளந்திருக்கிறான்.
நாளைக்குப் பார்க்கலாம் என்று
பரண்கம்பின் ஓரத்தில் அதற்கும் இடம் கொடுத்தோம்.

இரவு மழை. நான் அறுத்த பக்கம் ஒழுகியிருக்கும்.
காலையில் முகம் கழுவும்போதுதான்
விரலைப் பார்த்தேன்.
செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.
கூட்டுக்குள், தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல்
நானே அடித்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது மோதிரம்.
அதை ஆட்டி ஆட்டிக் கொத்திக்கொண்டிருந்தது
சேவல்.